பாஸ்ட் அவுட்

எங்கள் ஊருக்கு ஸ்பெல்லிங் தகராறு புதிதல்ல. ரயில்வேக்காரர்கள் திருச்சிராப்பள்ளிக்கு நடுவில் ‘சி, எச்’ இரண்டு தடவை போடுவார்கள். மற்ற அரசு ஆபீஸ்களில் ஒரு தடவைதான். ஸ்டேஷன் கோடு இன்னும் டி.பி.ஜே. அது வெள்ளைக்காரன் காலத்து டிரிச்சினாப்பொலி ஜங்ஷன். 2020-ல் அரசாங்கம் 1018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்தை மாற்றி ஆணை போட்டது. கொஞ்ச நாளிலேயே வாபஸ். நல்லதுதான் என்பது என் கட்சி.

34 வருஷம் ஆபீசில் பிறர் எழுதிய டிராஃப்டைத் திருத்தியவன் நான். ஸ்டேஷனரியில் ‘இ’யா ‘ஏ’யா என்று கேட்டு வருவார்கள். “என்வலப்புக்கு ‘இ’. அதே ‘இ’தான் காகிதம், பேனாவுக்கும். ‘ஏ’ போட்டால் அசையாமல் நிற்கிறது என்று அர்த்தம்” என்பேன். கடன் கடிதத்தில் பிரின்சிபல் தப்பாகிவிட்டால் அசல் போய்க் கொள்கை வந்துவிடும். அந்தப் பெருமை கொஞ்சம் உண்டு.

போன வருஷம் ஒருநாள் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன். மனைவி ஸ்ரீரங்கம் கோயிலுக்குப் போயிருந்தாள். அவள் போனிலிருந்து அழைப்பு. பேசியது வடநாட்டுப் பையன்.

“சார், யுவர் வைஃப் பாஸ்ட் அவுட். ரங்க விலாஸ் மண்டபம். ப்ளீஸ் கம்.”

லைன் போய்விட்டது. திரும்ப அடித்தால் எடுக்கவில்லை.

நம் பக்கத்தில் ‘பாஸ்ட் அவுட்’ என்றால் ஜோசப் காலேஜில் படித்து முடித்தது. இங்கிலீஷ்காரனுக்கு மயங்கி விழுந்தது. ‘பாஸ்ட் அவே’ என்றால்தான் மற்றது. எல்லாம் தெரியும். ஆனால் பஸ் இரைச்சலில் அவன் சொன்னது அவுட்டா, அவேயா?

ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறினேன். காவிரிப் பாலத்தில் வண்டி நகரவில்லை. காலையில் காபியில் சர்க்கரை இல்லை என்று அவளிடம் எரிந்து விழுந்திருந்தேன். அம்மா மண்டபம் தாண்டும்வரை அது ஒன்றுதான் மனசில் ஓடியது.

மண்டபத் தூணில் சாய்ந்து உட்கார்ந்து, யாரோ கொடுத்த தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தாள். காலையில் வெறும் வயிற்றோடு வந்திருக்கிறாள். அந்தப் பையன் பக்கத்திலேயே நின்று விசிறிக்கொண்டிருந்தான். போன் அவள் பைக்குள் அடித்து அடித்து ஓய்ந்திருந்தது.

“ஏன் உங்க முகம் இப்படி இருக்கு?” என்றாள்.

“பஸ்ஸில் கூட்டம்” என்றேன்.