சாரல் நாளின் விடை

குற்றாலத்தில் அன்று விடியற்காலையிலேயே சாரல் தொடங்கிவிட்டது. ஆரியங்காவுக் கணவாய் வழியே நுழைந்த தென்மேற்குக் காற்று, மலைமேற் பொழிந்த மழையின் சிறு கூற்றை ஊரின்மேல் தூவிச் சென்றது. ஒருபுறம் இளவெயில், மறுபுறம் பூந்தூறல்.

விடுதித் தாழ்வாரத்தில் உடன்பிறந்தார் இருவர் அமர்ந்திருந்தனர். மூத்தவருக்கு அகவை 78, இளையவருக்கு 70. சிறுவராய் இருந்த காலத்தில், ஆடிதோறும் தந்தையாருடன் மதுரையில் இரயிலேறித் தென்காசியில் இறங்கி, எஞ்சிய வழியைக் குதிரை வண்டியிற் கடந்து இங்கு வந்தவர்கள் அவர்கள். அந்நாளை மீண்டும் ஒருமுறை காணும் ஆசையால் இப்பொழுது வந்திருந்தனர். ஆயினும், வந்த நான்கு நாளும் இளையவரே நீராடினார். மூத்தவர் முழங்கால் நோவினால் அருவிக்கு எதிரே அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "பாறை வழுக்கும் அப்பா, வேண்டாம்" என்று உடன் வந்த மகன் தடுத்திருந்தான். நண்பகலில் ஊர் திரும்ப வேண்டும்.

"தம்பி, என்னைக் கைப்பிடித்து அழைத்துச் செல்வாயா?" என்றார் மூத்தவர்.

"வாருங்கள் அண்ணா" என்று இளையவர் உடனே எழுந்தார்.

பேரருவி ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்திலிருந்து வீழ்வது. அந்நீர் நேரே தலைமேல் விழுமாயின் எவரால் நிற்க இயலும்? இடையிலே பொங்குமாகடல் என்னும் ஆழ்ந்த பாறைக் குழி, வேகத்தையெல்லாம் தான் ஏற்றுக்கொண்டு, நீரை மட்டும் கீழே வழியவிடுகிறது. ஏழு வயதில் அருவியின் முழக்கங் கேட்டு அலறிய தம்பிக்கு இதனை எடுத்துரைத்து, அச்சம் போக்கி, அதன்கீழ் நிறுத்தியவர் இத்தமையனாரே. தந்தையார் மறைந்தபின், 18-ஆம் வயதில் கல்லூரியை விடுத்து மளிகைக் கடையிற் கணக்கெழுதச் சென்றவரும் அவரே. தம்பி பொறியியல் பயின்றார்.

அருவியின்கீழ் நின்ற இளைஞர் விலகி இடமளித்தனர். மூத்தவர் ஒரு கையால் இரும்புக் கம்பியையும் மறு கையால் தம்பியின் கையையும் பற்றி நின்றார். நீரின் ஒலியிற் பேச்சுக்கு இடமில்லை. நெடுநேரம் சென்றபின் வெளிவந்த தந்தையைக் கண்ட மகன், யாதும் கூறாது துண்டை நீட்டினான்.

கார் தென்காசியைக் கடந்து, கடையநல்லூர், புளியங்குடி வழியாக வடக்கு நோக்கி விரைந்தது. மலைத்தொடர் இடப்புறமாகவே உடன் வரும் என்பதனை அறிந்து, மூத்தவர் அப்பக்கத்தே அமர்ந்திருந்தார். இராசபாளையத்தை அணுகுமுன்னரே குளிர்காற்று மாறி வெம்மை வீசியது. கண்ணாடியை ஏற்ற முனைந்த மகனை, "சற்றுப் பொறு" என்று அவர் தடுத்தார். திருவில்லிபுத்தூரிற் பால்கோவா வாங்குவதற்காக நின்றனர். அவ்வூர் வழியே மதுரை செல்வோர் அதனை வாங்காது போவது அருமை. கிருட்டிணன்கோவிலுக்குப் பின் சாலை மலையை விட்டு விலகியது. மூத்தவர் கழுத்தைத் திருப்பிப் பின்னே நோக்கினார்; கண்ணுக்கு மறையும் வரை நோக்கினார்.

மாலையில் வீடு வந்து சேர்ந்ததும் மருமகள், அவர் மடியிலிருந்த ஈரத் துண்டைக் கொடியில் உலர்த்துவதற்காகக் கை நீட்டினாள்.

"நாளைக்கு உலர்த்தலாம் அம்மா" என்றார் அவர்.