போகவா, இருக்கவா? ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஒரு பஸ் பயணம்!

விடியற்காலையில் பொதிகை எக்ஸ்பிரஸிலிருந்து ராஜபாளையத்தில் இறங்கினால், முதலில் கண்ணில் படுவது மேற்குத் தொடர்ச்சி மலை. அடுத்து, ஸ்கூட்டியோடு காத்திருந்த என் பள்ளித்தோழி.

ஸ்பின்னிங் மில் ஒன்றில் அவளுக்குக் கணக்குப் பிரிவில் வேலை. சென்னை கம்பெனி ஒன்று இப்போது கூப்பிடுகிறது. சம்பளம் கொஞ்சம் கூடுதல். அது ஹாஸ்டல் வாடகைக்கே சரியாகிவிடும். "போகவா, இருக்கவாடி? திங்கட்கிழமை பதில் சொல்லணும்" என்றாள்.

இட்லி வைத்தபடியே அவள் அம்மா சொன்னார், "எதிர்பார்ப்பைக் குறைச்சுக்கிட்டா எங்க இருந்தாலும் நிம்மதிதான் கண்ணு."

நம் வீடுகளில் எல்லா அம்மாக்களும் சொல்வதுதான். ஆனால், இந்த ஊர் அப்படி வளரவில்லையே! பி.ஏ.சி.ராமசாமி ராஜா இங்கே நூற்பாலை தொடங்கியது 1936-ல். 'பெரிய ஊருக்குப் போனால்தான் பெரிய தொழில்' என்று அவர் நினைத்திருந்தால் ராஜபாளையம் இன்று மில் ஊராகியிருக்காது. வெளியே போனவர் பி.எஸ்.குமாரசாமி ராஜா. 1949-ல் சென்னை மாகாண முதல்வர், பிறகு ஒரிசா ஆளுநர். அவர் தன் சொந்த வீட்டையே ஊருக்குக் கொடுத்தார். அதுதான் இன்றைய காந்தி கலை மன்றம். ஒருவர் இருந்தார், ஒருவர் போனார். இருவருமே சின்னதாக ஆசைப்படவில்லை.

மதியம் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினோம். அரைமணி நேரப் பயணம்தான். ஊர் வருவதற்கு முன்பே, 192 அடி, 11 நிலை ராஜகோபுரம் தெரிந்துவிடுகிறது.

கோயிலுக்குள் கண்ணாடிக் கிணறு இருக்கிறது. பெருமாளுக்குக் கட்டிய மாலையைத் தான் சூடிக்கொண்டு, பொருத்தமாக இருக்கிறதா என்று ஆண்டாள் அழகு பார்த்த இடமாம். பூக்கட்டுபவர் வீட்டுப் பெண். அவள் கேட்டதோ ரங்கநாதரையே! கேட்டதை வாங்கிக்கொண்டுதான் ஸ்ரீரங்கம் போனாள் என்கிறது தலவரலாறு. அவள் சூடிய மாலை புரட்டாசி பிரம்மோற்சவத்துக்குத் திருப்பதிக்கும், சித்திரையில் அழகருக்காக மதுரைக்கும் இன்றும் போகிறது.

தோழி கிணற்றருகே வெகுநேரம் நின்றாள். "எனக்கு என்ன வேணும்னு இதுவரைக்கும் யாருகிட்டயும் கேட்டதில்லடி. கொடுத்ததுல எது பரவாயில்லைன்னுதான் பார்த்துட்டு இருக்கேன்."

வெளியே வந்து பால்கோவா வாங்கினோம். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற சரக்கு. பாலும் சர்க்கரையும்தான், கிளறக் கிளறத்தான் அந்தப் பதம். அந்த அட்டைப்பெட்டி மேலேயே பேனாவால் எழுதினாள்: 'ஜி.எஸ்.டி. கணக்கு முழுப்பொறுப்பும் எனக்கு. சி.எம்.ஏ. படிக்கத் தேர்வு நேரத்தில் லீவு. அதற்கேற்ற சம்பளம்.'

"ரெண்டு இடத்துலயும் இதையே கேட்கப்போறேன்" என்றாள். "யாரு சரின்னு சொல்றாங்களோ, அங்க."

திங்கட்கிழமை மாலை மெசேஜ் வந்தது. மில்லில் 'உட்கார்ந்து பேசலாம்' என்றிருக்கிறார்கள். சென்னையிலிருந்து இன்னும் பதில் இல்லை. அம்மாவுக்குத்தான் பயம், இரண்டும் கைவிட்டுப் போய்விடுமோ என்று. அந்தப் பயமும் நியாயம்தான்.

ஊரை விட்டுக் கிளம்பியபோது நான் எதையுமே எழுதிப் பார்க்கவில்லை. ரயில் டிக்கெட் மட்டும்தான் எடுத்தேன். காலியான பால்கோவா பெட்டி ஒன்று என் மேஜை மேல் இருக்கிறது. பேனாவும் பக்கத்தில்தான்.