கேட்கப் பழகும் காலம்

காக்ளியர் இம்ப்ளாண்ட் பொருத்தியதும் குழந்தைக்குக் காது கேட்டுவிடும் என்பதே பொதுவான எண்ணம். எங்கள் மகளுக்கு இரண்டரை வயதில் அறுவை சிகிச்சை நடந்தது. இப்போது அவளுக்கு வயது எட்டு. அறுவை சில மணி நேரத்தில் முடிந்தது. கேட்கப் பழகுவது இன்னும் முடியவில்லை.

உட்செவியில் நத்தைக்கூடு போலச் சுருண்டிருக்கும் காக்ளியாவில் சுமார் 15,000 நுண்மயிர்ச் செல்கள் உண்டு. ஒலியின் அதிர்வை நரம்பு அறியும் மின்துடிப்பாக மாற்றுபவை அவையே. அவை பெரும்பாலும் செயலற்றுப்போன செவிக்குச் சாதாரணக் காது மெஷினால் பயன் குறைவு. அது ஒலியைப் பெரிதாக்கித் தரும். வாங்கிக்கொள்ள உள்ளே ஆளில்லை. இம்ப்ளாண்ட் அச்செல்களைத் தாண்டி நேரே செவிநரம்பைத் தூண்டுகிறது. காதுக்குப் பின்னால் அணியும் கருவி ஒலியை வாங்கி, அதிர்வெண் வாரியாகப் பிரித்து, தலையில் காந்தத்தால் ஒட்டியிருக்கும் வட்டின் வழியே தோலுக்கடியில் உள்ள பகுதிக்கு அனுப்புகிறது. அங்கிருந்து காக்ளியாவுக்குள் செல்லும் மெல்லிய இழையில் வரிசையாக மின்முனைகள். எங்கள் மகளுடையதில் 22. சுருளின் வாயிலருகே கீச்சொலிகள், உள்ளே செல்லச் செல்லக் கனத்த ஒலிகள்.

வளைந்த சுருளுக்குள் இழையைச் செலுத்துவது எப்படி என்பது நெடுநாள் சிக்கலாக இருந்தது. ஆஸ்திரேலிய மருத்துவர் கிரேம் கிளார்க், செவித்திறன் குறைந்த தந்தைக்குப் பிறந்தவர். 1977இல் ஒரு கடற்கரையில், சங்கு ஒன்றினுள் புல்லிதழை நுழைத்துப் பார்த்து விடை கண்டார்: நுனி நெகிழ்வாகவும் அடி விறைப்பாகவும் இருக்கவேண்டும். 1978 ஆகஸ்டில் மெல்பர்னில், தம் குழுவினர் உருவாக்கிய பல மின்முனைக் கருவியை முதன்முதலாக ஒருவருக்குப் பொருத்தினார்.

அறுவைக்கு முன் செவிநரம்பு இருக்கிறதா என்றறிய ஸ்கேன், மூளைக்காய்ச்சலுக்கு எதிரான தடுப்பூசி, மயக்க மருந்துக்கான சோதனைகள் என்று வாரங்கள் கழிந்தன. எஞ்சியிருக்கும் சிறிதளவு இயற்கைக் கேள்வியும் போய்விடக்கூடும் என்ற படிவத்தில் கையெழுத்திட்டவர்கள் நாங்கள், செவி அவளுடையது. கேளாமை நோயன்று, சைகை மொழி முழுமையான மொழி என்று வாதிடும் காது கேளாதோரின் எழுத்துக்களை அந்நாட்களில் படித்தோம். அவ்வாதத்தை எங்களால் ஒதுக்க இயலவில்லை. ஆகவே இம்ப்ளாண்டுடன் சைகை மொழியும் வீட்டுக்குள் வந்தது. உறங்கும்போது கருவியைக் கழற்றிவிடுகிறாள். அப்போது எங்கள் குரல் அவளுக்கு இல்லை, கைகள் உண்டு.

சில வாரங்கள் கழித்துக் கருவியை இயக்கியபோது அவள் வீறிட்டு அழுதாள். முதலில் வந்தது வெறும் ஓசை. அதில் அம்மாவும் இல்லை, தமிழும் இல்லை. பிறகு ஒவ்வொரு மின்முனைக்கும் எவ்வளவு மின்னோட்டம் தாங்கும் என்று அளந்து சரிசெய்யும் அமர்வுகள், அன்றாடப் பேச்சுப் பயிற்சி. தமிழ் நாட்டில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் அறுவைக்கு உதவுகிறது. அதன்பின் பேட்டரி, வயர், பழுது என்று செலவு நீள்கிறது.

இலக்கணம் எங்களுக்குப் புதிதாக விளங்கியது அக்காலத்தில்தான். குறில் நெடில் வேறுபாட்டை அவள் விரைவில் பிடித்துக்கொண்டாள். படம், பாடம் என்பவற்றில் நீளம்தானே வேறுபடுகிறது, நீளத்தைக் கருவி நன்றாகவே கடத்தும். வலி, வளி, வழி மூன்றையும் பிரித்தறிய இரண்டாண்டுகள் ஆயின. நாவின் நுண்ணிய வளைவுகளுக்கு 22 புள்ளிகள் போதவில்லை. மீதியை அவள் மூளை இட்டு நிரப்பிக்கொண்டது.

அமைதியான அறையில் இன்று நன்றாகப் பேசுகிறாள். கல்யாண மண்டபத்தின் இரைச்சலில் எதுவும் பிடிபடுவதில்லை. அத்தகைய இடங்களில் வட்டைத் தானே கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு எங்களிடம் கைகளால் பேசத் தொடங்குகிறாள். எதைக் கேட்பது என்று முடிவு செய்யும் உரிமையை எங்கள் கையெழுத்து அவளிடமிருந்து பறித்துவிடவில்லை என்று அப்போது ஆறுதல் கொள்கிறோம்.