அம்மாவின் வெள்ளிக்கிழமை தலைவலியும் கீசரின் மஞ்சள் தீயும்!

வெள்ளிக்கிழமை வந்தால் அம்மாவுக்குத் தலைவலியும் வந்துவிடும். குன்னூர் குளிரில் தலைக்குக் குளித்தால் வராமல் என்ன செய்யும் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தோம். "நீர் கோத்துக்கிச்சுடி, சுக்கு உரசிப் பத்து போட்டா சரியாயிடும்" என்பார். பத்து போட்டுப் படுப்பார். மதியத்துக்குள் எழுந்து சமைக்கத் தொடங்கிவிடுவார். இரண்டு குளிர்காலமாக இப்படித்தான் ஓடியது.

நான் சென்னையில் டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்க்கிறேன். பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, அம்மா குளித்து வந்ததும் நான் குளிக்கப் போனேன். பாத்ரூம் சுவரில் மாட்டியிருக்கும் கேஸ் கீசரின் முன்பக்கத்தில், உள்ளே எரியும் தீயைப் பார்க்க ஒரு சின்னத் துளை உண்டு. அதில் தெரிந்த தீ மஞ்சளாக, மெழுகுவத்தி மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. சற்று நேரத்தில் எனக்கும் நெற்றி கனத்தது. அண்ணாந்து பார்த்தால், வென்டிலேட்டரில் பழைய காலண்டர் அட்டை. குளிர்காற்று வருகிறதென்று அம்மா அடைத்து வைத்திருந்தார்.

கீசரை அணைத்துவிட்டு, ஈரத்தலையோடு வெளியே வந்தேன்.

முந்தைய குளிர்காலத்தில், பாத்ரூமில் கேஸ் கீசரால் ஒருவர் இறந்துபோன செய்தியை நான்தான் டெஸ்க்கில் எழுதினேன். பத்து நிமிட வேலை. தலைப்பு வைத்தேன், படம் சேர்த்தேன், அடுத்த செய்திக்குப் போய்விட்டேன். 'கார்பன் மோனாக்சைடு' என்று டைப் செய்த எனக்கு, எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு கீசர் இருக்கிறது என்பது உறைக்கவே இல்லை.

மறுநாள் மெக்கானிக் அண்ணன் வந்தார். "கடைசியா எப்போக்கா சர்வீஸ் பண்ணீங்க?"

"சர்வீஸா? தண்ணிதான் நல்லா சுடுதே தம்பி" என்றார் அம்மா. மாட்டி நான்கு வருடம் ஆகியிருந்தது.

அண்ணன் சிலிண்டரை மூடினார், கீசரின் பேட்டரிகளைக் கழற்றினார், மூடியைத் திறந்தார். உள்ளே வரிசையாக மெல்லிய கீறல்கள் கொண்ட பர்னர். அதை வெளியே எடுத்துத் தட்டினார். துருவும் தூசியும் உதிர்ந்தன. காற்று நுழையும் வாயில் சிலந்தி வலை. மேலே, தண்ணீரைச் சூடாக்கும் செம்புத் தகடுகளுக்கு நடுவே கரி அப்பியிருந்தது.

"எரியறதுக்கு கேஸ் மட்டும் போதாதும்மா, காத்தும் சரியா கலக்கணும். வாய் அடைச்சா காத்து குறையும், தீ மஞ்சளாகும், கரி படியும். மேல கரி படிஞ்சா புகை வெளியேற வழி குறையும். ஒண்ணு இன்னொண்ணை இழுத்துட்டு வரும்" என்றார்.

அப்படி அரைகுறையாக எரியும்போதுதான் கார்பன் மோனாக்சைடு உருவாகிறது. நிறமில்லை, வாசனையில்லை. கேஸ் கசிந்தால் மூக்குக்குத் தெரியும்படி சமையல் எரிவாயுவில் வாசனைப் பொருள் சேர்க்கிறார்கள். இதற்கு அந்த உதவியும் இல்லை. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, தலைசுற்றல், குமட்டல். பிறகு மயக்கம். கதவைத் தாழிட்டுக் குளிப்பவர் மயங்கினால் யாருக்குத் தெரியும்?

பர்னரின் கீறல்களைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, காற்றடித்து ஊதினார். கேஸ் வரும் சிறு துளையைச் சுத்தம் செய்ய நான் ஊக்கு எடுத்து நீட்ட, சட்டென்று தடுத்தார். "ஊக்கு, ஊசி எதுவும் விடக்கூடாது. துளை பெரிசானா கேஸ் அதிகமா வரும், மறுபடி மஞ்சள்தான்." செம்புத் தகடுகளைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்தார். எல்லாவற்றையும் மாட்டி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவி, குமிழி வருகிறதா என்று பார்த்தார். பிறகுதான் பற்றவைத்தார். தீ நீலமாக, ஆடாமல் நின்றது.

"அப்பாடா" என்றேன். அவர் வென்டிலேட்டரைக் காட்டினார். "பர்னர் எவ்வளவு சுத்தமா இருந்தாலும், மூடின ரூமுக்குள்ள எரிஞ்சா ஆபத்துதான். இதை வெளியே மாத்திடுங்க."

செலவு எதற்கு என்று அம்மா முனகினார். அந்த வாரமே கீசர், காற்றோட்டமுள்ள பின்பக்கத் தாழ்வாரத்துச் சுவருக்குப் போனது. பாத்ரூமுக்குக் குழாய் மட்டும்தான் வருகிறது. அட்டையை நானே பிய்த்து எறிந்தேன்.

அம்மாவுக்கு அப்போது ரத்தப் பரிசோதனை எதுவும் எடுக்கவில்லை. அதனால் தலைவலிக்குக் காரணம் இதுதான் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஆனால், அதன் பிறகு வெள்ளிக்கிழமைகளில் சுக்கு உரசும் வேலை இல்லை.

உங்கள் வீட்டில் கேஸ் கீசர் இருந்தால் இன்றே தீயின் நிறத்தைப் பாருங்கள். மஞ்சளாக இருந்தால் அணைத்துவிட்டு மெக்கானிக்கை அழையுங்கள், நீங்களே கழற்ற வேண்டாம். தீ நீலமாகவே இருந்தாலும் வருடம் ஒருமுறை, குளிர்காலத்துக்கு முன் சர்வீஸ் செய்துவிடுங்கள். பாத்ரூமுக்குள் மாட்டியிருந்தால் வெளியே மாற்றுங்கள். குளிக்கும்போது தலை சுற்றினால் உடனே வெளியே வந்துவிடுங்கள், மருத்துவரிடம் கீசர் விஷயத்தையும் சொல்லுங்கள். கேஸ் வாசனையே வந்தால், அவசர உதவி எண் 1906.

இப்போதெல்லாம் வெள்ளிக்கிழமை காலையில் அம்மாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வருகிறது. கீசரின் துளை வழியே எடுத்தது, பாதி அவருடைய விரல்தான் தெரியும். கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "நீலமாத்தான்டி இருக்கு. நீ சாப்பிட்டியா?"