நாற்பதைத் தாண்டமாட்டேன்

பாறசாலையில் வசிக்கும் அந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியருக்கு வயது எழுபதுக்கு மேல். அவரது 1970-ம் ஆண்டு அம்பாசிடரில் ஸ்பீடாமீட்டர் செத்துப்போய்ப் பல வருடங்கள். "இன்ஜின் சத்தம்தான் எனக்கு மீட்டர். நாற்பதைத் தாண்டமாட்டேன்" என்பார் பெருமையாக. 1956-ல் விளவங்கோடு தாலுகா தமிழகத்தோடு சேர, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றுவிட்டது. வீட்டில் தமிழும் கடைத்தெருவில் மலையாளமுமாக வாழ்ந்த எல்லையோரத் தலைமுறையைச் சேர்ந்தவர் அவர்.

காரின் பதிவைப் புதுப்பிக்க வேண்டி வந்தது. 15 வருடம் கடந்த கார்களுக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை இந்தச் சோதனை. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 117-வது விதி ஸ்பீடாமீட்டரைக் கட்டாயமாக்குகிறது. வேறு வழியில்லாமல் நெய்யாற்றின்கரை மெக்கானிக்கிடம் போனார்.

உருவிய கேபிளில் உள்கம்பி முறிந்திருந்தது. கேபிளைவிட அது போன வழியில்தான் கோளாறு. சூடான சைலன்சர் குழாயை உரசிக்கொண்டு வந்து, டேஷ்போர்டுக்குப் பின்னால் சட்டென்று மடங்கியிருந்தது. தகரத் துளையில் ரப்பர் வளையமும் இல்லை. மெக்கானிக் புதிய கேபிளைக் குழாயிலிருந்து விலக்கி, கிளிப் போட்டு, அகன்ற வளைவாக மேலே கொண்டுபோனார். உள்கம்பிக்கு மெல்லிசாக கிரீஸ் தடவியவர், மீட்டர் பக்கம் மூன்று அங்குலத்தை உலர்வாகவே விட்டார். அங்கே கிரீஸ் ஏறினால் மீட்டர் கெட்டுவிடும்.

கியர் பாக்ஸ் சுழற்றும் அந்தக் கம்பி மீட்டருக்குள் ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. காந்தம் தொடாமலே ஓர் அலுமினியக் கிண்ணத்தை இழுக்கிறது; மெல்லிய சுருள்வில் அதைப் பிடித்து நிறுத்துகிறது. அந்த இழுபறியில் நிற்பதுதான் ஊசி. ஜெர்மனியின் ஓட்டோ ஷுல்ட்சே 1902-ல் காப்புரிமை பெற்ற யோசனை இது.

மறுநாள் விடியற்காலை வெள்ளோட்டம். பின் சீட்டில் மெக்கானிக், பக்கத்தில் பேத்தி. அமரவிளையைத் தாண்டியதும் பேத்தி சொன்னாள்: "பாட்டா, அறுபது காட்டுது."

"மீட்டர் தப்பு" என்றார் ஆசிரியர்.

"கிலோமீட்டர் கல் பொய் சொல்லாதே சாரே" என்றார் மெக்கானிக்.

ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு 90 விநாடி பிடித்தால் வேகம் நாற்பது. 60 விநாடி என்றால் அறுபது. பேத்தி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். கல் வந்தது.

"அறுபத்தொண்ணு விநாடி, பாட்டா."

அவர் காரை ஓரம் கட்டினார். வீட்டில் டி.வி. சத்தத்துக்காக நடந்த சண்டைகள் ஞாபகத்துக்கு வந்திருக்க வேண்டும். "அப்போ கோளாறு கேபிள்ல மட்டுமில்ல" என்றார்.

அடுத்த வாரம் களியக்காவிளைச் சந்தைக்குக் கார் கிளம்பியபோது ஸ்டியரிங்கில் மகள் இருந்தாள். அவர் இடதுபக்க சீட்டில் உட்கார்ந்து ஊசியையே பார்த்துக்கொண்டு வந்தார். நாற்பது. இன்ஜின் சத்தம் அவருக்குக் கேட்கவேயில்லை.