சொதியும் இஞ்சிப் பச்சடியும்: நெல்லையில் மூன்று நாள்

"ஏளா, ரயிலுக்கு நேரமாயிட்டா? மெல்ல மென்னு தின்னு."

பந்தியில் என் பக்கத்து இலையிலிருந்து வந்தது அந்தக் குரல். என் மாமியாருக்குச் சித்தி முறை. 84 வயது. வீட்டில் பெரியவர் சின்னவர் எல்லோருக்குமே ஆச்சி. அவர் இலையைப் பார்த்தேன். சோற்றில் கால்வாசிகூடக் குறையவில்லை. எனக்கோ இரண்டாம் முறை பரிமாறியதும் முடிந்திருந்தது.

மதினி மகள் கல்யாணத்துக்காகத் திருநெல்வேலி போயிருந்தேன். மூன்று நாள் விடுப்பு. கைப்பையில் புடவைக்குப் பொருத்தமான வளையல்கள், கூடவே ஓர் அட்டை நெஞ்செரிச்சல் மாத்திரை. இரண்டு வருடமாக அந்த அட்டை இல்லாமல் நான் எங்கும் போனதில்லை. எப்போதோ ஒருமுறை மருந்துக் கடையில் கேட்டு வாங்கியது, பிறகு நானாகவே தொடர்ந்து வாங்கிக்கொண்டிருந்தேன். சென்னையில் என் சாப்பாட்டு லட்சணம் அப்படி. காலையில் நின்றபடி இரண்டு தோசை. மதியம் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் டப்பா சாதம். இரவு பத்தரைக்கு, ஒரு கையில் போனோடு, வீட்டிலேயே பெரிய சாப்பாடு. பதினொன்றுக்குப் படுக்கை. பன்னிரண்டுக்குத் தொண்டை வரை எரியும்.

கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டு விருந்து. திருநெல்வேலி சைவ வீடுகளில் அன்றைக்குச் சொதிதான். மாப்பிள்ளைச் சொதி என்றே பெயர். புளி கிடையாது, மிளகாய்ப் பொடி கிடையாது. தேங்காய்ப் பாலை முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று தனித்தனியாகப் பிழிந்துகொள்வார்கள். தண்ணீரான பாலில் முருங்கைக்காய், உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், சின்ன வெங்காயம் எல்லாம் வெந்து, பாசிப்பருப்பும் பச்சை மிளகாயும் இஞ்சிச் சாறும் சேர்ந்தபின், கடைசியில் கெட்டியான முதல் பால். கொதிக்க விடாமல் இறக்கி எலுமிச்சை பிழிவார்கள். வெள்ளையும் இளமஞ்சளுமாக ஒரு குழம்பு. வாசனைக்கே இரண்டு கரண்டி சோறு கூடுதலாக இறங்கும்.

ஆனால் அது லேசுப்பட்ட சாப்பாடு இல்லை. அத்தனையும் தேங்காயின் கொழுப்பு. கொழுப்பு அதிகமுள்ள உணவு இரைப்பையை விட்டு நகர நேரம் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் சொதி விழுகிற இலையில் இஞ்சிப் பச்சடி இல்லாமல் இருக்காது. பொடிப்பொடியாக நறுக்கிய இஞ்சியை நல்லெண்ணெயில் வதக்கி, புளிக்கரைசல், உப்பு, மிளகாய், வெல்லம் போட்டுச் சுண்ட வைப்பது. இலையில் சுண்டைக்காய் அளவுதான் வைப்பார்கள். இரைப்பை காலியாகும் வேகத்தை இஞ்சி கூட்டுகிறது என்று இன்றைய ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. இந்த ஊர்ச் சமையல்காரர்கள் அதற்காகக் காத்திருக்கவில்லை. குழம்பை முடிவு செய்தபோதே அதற்குத் துணையையும் முடிவு செய்துவிட்டார்கள்.

நான் அந்தப் பச்சடியை ஊறுகாய் என்று நினைத்து ஓரமாக ஒதுக்கியிருந்தேன். ஆச்சி விரலால் சுட்டிக்காட்டினார். "அது சும்மா அழகுக்கா வச்சிருக்கு? நாலு வாய்க்கு ஒருக்கா தொட்டுக்க."

அவர் சாப்பிடுவதைப் பார்ப்பதே ஒரு பாடம். சின்னக் கவளம். வாயில் போட்டபின் கை இலையில் ஓய்வெடுக்கும். விழுங்கிய பிறகுதான் அடுத்த கவளம் உருளும். சோற்றிலுள்ள மாவுச்சத்தின் செரிமானம் வாயிலேயே, எச்சிலிலுள்ள நொதியால் தொடங்கிவிடுகிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்து மதிப்பெண்ணும் வாங்கியவள் நான். வயிறு நிறைந்த சேதி மூளைக்கு எட்ட ஏறக்குறைய 20 நிமிடம் ஆகும் என்றும் படித்திருக்கிறேன். என் சாப்பாடே எட்டு நிமிடத்தில் முடிந்துவிடும். சேதி வருவதற்குள் நான் கை கழுவிவிட்டு, இன்னும் பசிக்கிறதே என்று முறுக்கு டப்பாவைத் திறந்திருப்பேன்.

விருந்து முடிந்ததும் கல்யாண வீட்டு வழக்கப்படி கூடம் முழுக்க ஜமுக்காளம். ஆண்கள் வரிசையாகச் சாய்ந்துவிட்டார்கள். நானும் தலையணை தேடினேன். ஆச்சி தூணில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தபடி வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். பாக்கு இல்லாமல். பாக்கைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-ல் வகைப்படுத்தியது அவருக்குத் தெரியாது. "பல்லு போயிட்டு, அதான் விட்டுட்டேன்" என்றார். எப்படி விட்டால் என்ன, விட்டது நல்லது.

"உண்ட உடனே கட்டையைச் சாய்க்காத. உக்காந்து பேசு" என்றார். உட்கார்ந்தேன். மாப்பிள்ளை வீட்டார் போட்ட நகை முதல் பந்தியில் உப்பு குறைந்தது வரை பேசினோம். இரண்டு மணி நேரம் போனதே தெரியவில்லை. உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் ஒரு தசை வளையம் இருக்கிறது. வயிறு நிறைந்திருக்கும்போது படுத்தால், அந்த வளையம் தளர்ந்தவர்களுக்கு அமிலம் மேலே ஏறும். படுப்பதற்கு முன் இரண்டு மூன்று மணி நேரம் இடைவெளி விடச் சொல்வதும், அப்படியே படுத்தாலும் இடது பக்கமாகப் படுக்கச் சொல்வதும் இதனால்தான்.

சாயங்காலம் நெல்லையப்பர் கோயிலுக்குப் போனோம். தட்டினால் சுரம் பேசும் இசைத்தூண்கள் முன்னால் வழக்கம்போலக் கூட்டம். இந்தக் கோயிலில் எனக்குப் பிடித்தது வேறு. உச்சிக்காலத்தில் காந்திமதி அம்பாள் சன்னிதியிலிருந்து சுவாமி சன்னிதிக்கு உணவு எடுத்துப் போய்ப் படைக்கும் வழக்கம். அம்பாளே கணவருக்குப் பரிமாறுவதாக ஐதிகம். நெல்லையப்பருக்கே சாப்பாட்டு நேரம் தவறுவதில்லை. எனக்குத்தான் மீட்டிங் முடிந்தால்தான் மதியம்.

வெளியே வந்து ரத வீதிகளை மெதுவாகச் சுற்றினோம். சாப்பிட்டபின் இப்படி ஆற அமர நடப்பது ரத்தச் சர்க்கரை சட்டென்று ஏறாமல் பார்த்துக்கொள்ளும். வயிற்றுக்கும் லேசாக இருக்கும். கீழ ரத வீதியில் இருட்டுக்கடை முன்னால் கூட்டம் சேர்ந்திருந்தது. விற்பனை சாயங்காலம் சில மணி நேரம்தான். கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பாலெடுத்து, சர்க்கரையும் நெய்யும் சேர்த்துக் கிண்டிய அல்வா, விரலில் நிற்காமல் வழுக்கியது. எனக்குக் கொஞ்சம் குற்ற உணர்ச்சி. ஆச்சிக்குத் துளியும் இல்லை. கொஞ்சம் போல வாங்கி, நின்ற இடத்தில் நிதானமாகத் தின்றுவிட்டு, "இதுதான் இன்னைக்கு ராச்சாப்பாடு. வீட்டுக்குப் போயி மிளகு ரசம் ஒரு கிளாஸ், அம்புட்டுதான்" என்றார். வேண்டாம் என்று சொல்கிற உணவுமுறைகளையே கேட்டுப் பழகிய எனக்கு இந்தக் கணக்கு பிடித்திருந்தது. எதையும் விலக்கவில்லை. ஒன்று வந்தால் இன்னொன்று போகும்.

அன்று இரவு எட்டு மணிக்கு ரசம், பத்தரைக்குப் படுக்கை. மாத்திரை போடவில்லை. எரிச்சலும் வரவில்லை.

மறுநாள் காலை ஆச்சி ஐந்தரைக்கே எழுந்து வெந்நீர் குடித்துவிட்டுக் கொல்லைப்புறம் போய் வந்தார். தினமும் அதே நேரமாம். எழுந்ததும் குடலில் அசைவு கூடுவது உடலின் இயல்பு. அந்த நேரத்துக்கு நாம் இடம் கொடுத்தால் மலச்சிக்கல் பாதி குறையும். அந்தச் சமயத்தில் நான் போனில் செய்தி படித்துக்கொண்டிருப்பேன். வீட்டில் என் கணவரோ போனோடுதான் உள்ளேயே போவார். அரை மணி நேரம் வெளியே வரமாட்டார். இதை ஆச்சியிடம் சொன்னபோது, "அங்கனயுமா?" என்று வாயில் கையை வைத்துக்கொண்டார்.

ஊருக்கு எடுத்துப்போக எனக்காக ஒரு பாட்டில் இஞ்சிப் பச்சடி செய்ய உட்கார்ந்தார். நான் தோலைச் சீவிக் கொடுத்தேன். என் மாத்திரைக் கதையைச் சொன்னேன். இனி இந்தப் பச்சடியே போதும், மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடப் போகிறேன் என்றேன், கொஞ்சம் பெருமையாக. ஆச்சியின் கத்தி நிற்கவில்லை.

"அவுகளுக்கும் ஒரு சொதிச் சாப்பாட்டு ராத்திரிதான். நெஞ்சைக் கரிக்கின்னாக. நான்தான் இஞ்சியை இடிச்சுச் சாறு குடுத்தேன். ஓமத் தண்ணி குடுத்தேன். கோலி சோடா வாங்கியாரச் சொன்னேன். வேர்த்து ஊத்துச்சு. வாய்வு பிரியுதுன்னு நெனச்சேன். விடியுமுன்ன போயிட்டாக."

முப்பது வருடம் ஆகிவிட்டது என்று மதினி பிறகு சொன்னார். மாரடைப்பு. அதற்குப் பிறகும் குடும்பத்தின் ஒவ்வொரு மறுவீட்டு விருந்துக்கும் ஆச்சிதான் பச்சடி செய்கிறார்.

"இஞ்சி சாப்பாட்டுக்குத்தான் ளா. நோவுக்கு டாக்டரைப் பாரு" என்றார், நறுக்கியதை வாணலியில் தள்ளிவிட்டு.

இதை நம் வீடுகளில் உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. நெஞ்சில் அழுத்தம், அது தோளுக்கோ இடது கைக்கோ தாடைக்கோ பரவுவது, கூடவே வியர்வை, மூச்சுத்திணறல் என்றால் சோடா வாங்க ஆள் அனுப்பக்கூடாது. 108-ஐ அழைக்க வேண்டும். பெண்களுக்கும் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் மாரடைப்பு வெறும் அஜீரணம் போலவே வேஷம் போடுவதுண்டு. அதேபோல, விழுங்கச் சிரமம், மலம் கறுப்பாகப் போவது, காரணமில்லாமல் எடை குறைவது, வாரக்கணக்கில் விடாத எரிச்சல் இவை எதுவும் அஞ்சறைப் பெட்டியில் தீர்கிற விஷயம் இல்லை. நான் இரண்டு வருடமாக யாரையும் கேட்காமல் மாத்திரை விழுங்கியதும் இதே தப்பின் இன்னொரு வடிவம்தான்.

கடைசி நாள் மதியம் உளுந்தம்பருப்புச் சோறு. தோலோடு இருக்கும் கறுப்பு உளுந்து, அரிசி, தேங்காய்த் துருவல், கை நிறையப் பூண்டு, சீரகம், வெந்தயம். தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். உளுந்து சிலருக்கு வயிறு உப்பச் செய்யும், அதற்குத்தான் பூண்டும் சீரகமும் என்றார் மதினி. தோல் இருப்பதால் நார்ச்சத்தும் உண்டு. இந்த முறை எனக்கு அந்தச் சாப்பாடு முடிய 20 நிமிடத்துக்கு மேல் ஆனது. முதல் ஐந்து நிமிடம் போன் இல்லாமல் கண்ணை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. பிறகு பூண்டின் இனிப்பு தெரிந்தது.

நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறியதும் ஆச்சி கட்டிக் கொடுத்த மிளகாய்ப் பொடி இட்லியைப் பிரித்தேன். வாழையிலையில் நல்லெண்ணெய் வாசனை. நான் மென்றுகொண்டே இருப்பதைப் பார்த்த எதிர் சீட்டு அம்மா கொஞ்ச நேரம் பொறுத்துவிட்டு, "பல்லு வலியா அக்கா? கிராம்பு இருக்கு, தரட்டா?" என்றார்.

மூன்று நாளில் வயிறு சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். சென்னை வந்த இரண்டாம் நாள் இரவே பழைய எரிச்சல் திரும்பியது. அந்த வாரமே வயிற்று மருத்துவரைப் பார்த்தேன். எண்டோஸ்கோப்பியில் உணவுக்குழாயின் அடியில் லேசான புண். எட்டு வாரத்துக்குக் கணக்காக மாத்திரை கொடுத்தார். அதற்கு முன் அவர் கேட்டது: எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள், எவ்வளவு வேகமாக, எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள். ஆச்சி கேட்காமலே சொன்ன பதில்கள்.

இப்போது இரவுச் சாப்பாடு எட்டு மணிக்கு. வாரத்தில் ஐந்து நாளாவது. மீதி இரண்டு நாள் சென்னையின் போக்குவரத்தைப் பொறுத்தது.

போன வாரம் மருத்துவர் சொன்னதையெல்லாம் சொல்வதற்காக ஆச்சியை அழைத்தேன். புண்ணைப் பற்றிப் பொறுமையாகக் கேட்டார். மாத்திரையை விடாமல் போடச் சொன்னார். டாக்டர் பீஸ் எவ்வளவு என்று கேட்டு, அதற்கு ஒரு பெருமூச்சு விட்டார். பச்சடி தீர்ந்துவிட்டதா என்று கேட்டார். பிறகு இந்தப் பக்கம் தட்டுச் சத்தம் கேட்டிருக்க வேண்டும்.

"ஏளா, சாப்புட்டுக்கிட்டா பேசுத? மொதல்ல போனை வையி."