ஊட்னடாற்றாப் பாதையில் எங்கள் வண்டி

அடிலெயிட் நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 680 கிலோமீற்றர் போனால் மரீ என்ற சின்ன ஊர் வரும். அங்கிருந்து வடமேற்காக மார்லா வரை இன்னும் 620 கிலோமீற்றர் நீளத்துக்கு ஒரு மண் வீதி போகிறது. அதற்குப் பெயர் ஊட்னடாற்றாப் பாதை. இந்த வீதியில் நாங்கள் இரண்டு முறை புறப்பட்டோம். முதல்முறை எழுபது கிலோமீற்றர் போய்த் திரும்பி வந்தோம். இரண்டாம் முறை முழுவதும் போனோம். இடையில் எமது வாகனத்துக்கு என்ன செய்தோம் என்பதைச் சொன்னால், நான்கு சில்லும் இழுக்கும் வாகனம் வாங்க நினைத்திருக்கும் எம்மவர் சிலருக்காவது உதவும் என்று இதை எழுதுகிறோம்.

எமது வாகனம் 1996இல் செய்யப்பட்ட ரொயோற்றா லாண்ட் குறூசர், 80 தொடர். வாங்கும்போதே அதைப் பழைய சொந்தக்காரர் நான்கு அங்குலம் உயர்த்தியிருந்தார். உண்மையைச் சொன்னால் அந்த உயரத்தைப் பார்த்துத்தான் வாங்கினோம். பிள்ளைகள் ஏணி கேட்டார்கள். கோவிலடியில் நிறுத்தினால் நாலு பேர் வந்து சுற்றிப் பார்ப்பார்கள். பெருந்தெருவில் சிலவேளை ஸ்ரியறிங் நடுங்கியது. ஒரு கராஜில் காட்டினோம். ஸ்ரியறிங்கின் ஆட்டத்தை அடக்கும் டாம்பரைப் புதிதாக மாற்றித் தந்தார்கள். நடுக்கம் நின்றது. நாங்களும் திருத்திவிட்டோம் என்று நம்பி, கூரையில் தண்ணீரும் இரண்டாவது மேலதிகச் சில்லும் இரும்பு மேசையும் ஏற்றி, அம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஜூலை விடுமுறையில் புறப்பட்டோம்.

மரீ ஒரு வரலாற்று ஊர். ஒட்டகங்களோடு வந்தவர்கள் இங்கே குடியிருந்தார்கள். இன்றைய ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், இந்தியா ஆகிய இடங்களிலிருந்து வந்த அவர்களை இங்குள்ளவர்கள் பொதுவாக ஆப்கானியர் என்றே அழைத்தார்கள். உள்நாட்டுப் பண்ணைகளுக்கு மாவும் சீனியும் கம்பியும் போனது அவர்களுடைய ஒட்டகங்களின் முதுகில்தான். அவர்கள் தொழுத சிறிய பள்ளிவாசலின் மாதிரி ஒன்று ஊரில் இருக்கிறது. பழைய கான் ரயிலின் பெயரும் ஆப்கானியர் என்ற சொல்லிலிருந்து வந்ததே என்பார்கள். அந்த ரயில் பாதை 1980இல் மூடப்பட்டது. வெள்ளம் வரும் தாழ்நிலத்தில் போட்டதால் தண்டவாளம் அடிக்கடி அள்ளுண்டு போனது. புதிய பாதையை மேற்கே தள்ளிப் போட்டார்கள். பழைய எஞ்சின்கள் மரீ நிலையத்தடியில் இன்னும் நிற்கின்றன.

மரீயைத் தாண்டியதும் வீதி அலைத்தகரம் போலாகிறது. கூரைக்குப் போடும் தகரத்தை நிலத்தில் விரித்து அதன்மேல் ஓடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு திட்டிக்கும் மற்றதுக்கும் இடையே முக்கால் மீற்றர் என்று வைத்தால், மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஒவ்வொரு சில்லும் ஒரு மணித்தியாலத்தில் 80,000 தடவை அடிபடும். இதைத்தான் நாங்கள் யோசிக்கவில்லை.

எழுபதாவது கிலோமீற்றரளவில் முன்சில்லு ஒரு பள்ளத்தில் விழுந்து எழும்பியது. உடனே ஸ்ரியறிங் குலைப்பன் காய்ச்சல் வந்தவன்போல் உதறத் தொடங்கியது. கைகளால் பிடித்து நிறுத்த முடியவில்லை. வண்டி முழுவதும் ஆடியது. பின்னுக்கிருந்து அம்மா "முருகா, முருகா" என்றார். பிள்ளைகள் சத்தம் போடவில்லை. அதுதான் எங்களை அதிகம் பயப்படுத்தியது. பிறேக்கை அமத்தாமல் வேகத்தை மெதுவாக விட்டுவிட்டு, வீதியோரக் குவிமண்ணில் பாதி ஏறி நின்றோம். குனிந்து பார்த்தால் புது டாம்பரிலிருந்து எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது. மணிக்கு 30 கிலோமீற்றரில் ஊர்ந்து, இருட்டிய பிறகு மரீக்கு வந்து சேர்ந்தோம். அன்றிரவு அம்மா ஒன்றுதான் சொன்னார்: "செல்லுக்குத் தப்பி வந்து சில்லிலை போகப் பாத்தமே."

அந்தச் சொல் எங்களை விட்டுப் போகவில்லை. அடிலெயிட் திரும்பியதும், ஊரில் லொறி கராஜ் வைத்திருந்த ஒரு அண்ணையிடம் வண்டியைக் கொண்டுபோனோம். அவர் சாவியைக்கூட வாங்கவில்லை. "தம்பி, உது எவ்வளவு நிறை?" என்று கேட்டார். எங்களுக்குத் தெரியாது. "நிறை தெரியாமல் ஸ்பிறிங் வாங்கிறது, கால் அளவு தெரியாமல் சப்பாத்து வாங்கிறது மாதிரி. முதல் நிறுத்துக்கொண்டு வாங்கோ" என்றார்.

லொறிகள் நிறுக்கும் பொதுத் தராசுக்குப் போனோம். பயணத்துக்கு ஏற்றிய அதே சாமான்கள், நிரப்பிய டீசல் தாங்கி, நாங்கள் ஐந்து பேர். முன் அச்சு 1,270 கிலோ, பின் அச்சு 1,620 கிலோ, மொத்தம் 2,890. உற்பத்தியாளர் அனுமதித்த மொத்த நிறைக்கு மயிரிழைதான் மிச்சம். கனமான ஸ்பிறிங் போட்டால் கூடுதலாக ஏற்றலாம் என்று எங்களைப்போலப் பலர் நினைக்கிறார்கள். அது பிழை. ஸ்பிறிங் மாற்றியதால் மட்டும் சட்டப்படியான எல்லை உயராது. அதற்குத் தனியான சான்றிதழ் வேண்டும். ஆகவே முதல் வேலையாகச் சாமான்களைக் கழித்தோம். கூரைத் தட்டு, இரும்பு மேசை, இரண்டாவது சில்லு எல்லாமாக 140 கிலோ போனது. தண்ணீரைக் கூரையிலிருந்து இறக்கிப் பின் இருக்கைக்கு அடுத்துத் தரையோடு கட்டினோம். உயரத்தில் வைத்த பாரம் வளைவில் வண்டியைச் சாய்க்கும். ஒட்டகக்காரர் இரண்டு பக்கமும் சரிபார்த்துச் சுமை கட்டியதும் இதற்காகத்தான்.

பிறகு அண்ணை ஸ்ரியறிங்கைப் பார்த்தார். எஞ்சினை ஓடவிட்டு, ஒருவரை ஸ்ரியறிங்கை இடமும் வலமும் சிறிது சிறிதாக அசைக்கச் சொன்னார். தான் கீழே படுத்திருந்து ஒவ்வொரு மூட்டாகக் கையை வைத்துப் பார்த்தார். முன் அச்சை வண்டியின் சட்டத்தோடு குறுக்காகப் பிடிக்கும் பன்ஹார்ட் தண்டின் இறப்பர் புஷ்கள் தேய்ந்திருந்தன. சில்லு திரும்பும் மூட்டிலுள்ள பெயாரிங்குகள் தளர்ந்திருந்தன. ஒரு ரை ரொட் முனையும் ஆடியது. "டாம்பர் நோயை மாத்தேல்லை, முனகலை நிப்பாட்டினது" என்றார். ஸ்ரியறிங் நடுங்கினால் டாம்பரை மட்டும் மாற்றிக்கொண்டு வருவது எவ்வளவு ஆபத்து என்பதை அப்போதுதான் விளங்கிக்கொண்டோம். நல்ல டாம்பர் தேவைதான். ஆனால் அது கடைசி வேலை.

அடுத்தது உயரம். இதை அவர் சைக்கிளை வைத்து விளங்கப்படுத்தினார். சைக்கிளின் முன் கவர் நேரே கீழே நிற்பதில்லை, சாய்ந்திருக்கிறது. அதனால்தான் சின்ன வயதில் கையை விட்டுவிட்டு நேராக ஓட முடிந்தது. வாகனத்தின் முன்சில்லுக்கும் அப்படி ஒரு சாய்வு உண்டு. அதைக் காஸ்ரர் என்பார்கள். எமது வாகனத்தில் முன் அச்சை இரண்டு நீண்ட கைகள் பிடித்திருக்கின்றன. வண்டியை உயர்த்தும்போது அந்தக் கைகள் கீழ்நோக்கிச் சுழல, அச்சும் சேர்ந்து சுழன்று சாய்வு குறைந்துவிடும். நான்கு அங்குலம் உயர்த்தியும் அதைத் திருத்தாமல் விட்டதால், திருப்பிய ஸ்ரியறிங் தானாக நேருக்கு வரும் குணம் போய்விட்டது. பன்ஹார்ட் தண்டும் சரிந்து முன் அச்சு ஒரு பக்கம் தள்ளியிருந்தது. அந்தத் தண்டும் ஸ்ரியறிங் தண்டும் ஒரே சரிவில் இல்லாவிட்டால், பள்ளத்தில் விழும்போது நாங்கள் திருப்பாமலே சில்லு திரும்பும்.

"நீங்கள் பாறை ஏறப் போறியளோ?" என்று கேட்டார். இல்லை என்றோம். "அப்ப உந்த உயரம் ஆருக்கு?" என்றார். பதில் இல்லை.

உயரத்தை இரண்டு அங்குலத்துக்கு, அதாவது ஏறத்தாழ 50 மில்லிமீற்றருக்கு இறக்கினோம். எவ்வளவு வரை சான்றில்லாமல் உயர்த்தலாம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். வேலை தொடங்குமுன் போக்குவரத்துத் திணைக்களத்திடமும் காப்புறுதிக்காரரிடமும் கேட்டுக்கொள்வது நல்லது. தராசுச் சீட்டைக் காட்டி, முன்னுக்கும் பின்னுக்கும் அந்தந்த நிறைக்கு ஏற்ற கொயில் ஸ்பிறிங் வாங்கினோம். பின்னுக்கு எப்போதும் சுமக்கும் பாரத்துக்கு மட்டும் சற்றுக் கனமானது. ஆகக் கனமானதைப் போட்டு வெறும் வண்டியாக ஓடினால் சில்லு நிலத்தில் ஒட்டாமல் துள்ளும். காஸ்ரரைச் சரிசெய்யும் புஷ்களை முன் கைகளில் போட்டோம். தேய்ந்த மூட்டுகள் எல்லாம் மாற்றிய பிறகு சில்லுகளின் நேரொழுங்கு பார்த்தோம். டாம்பரைக் கடைசியாகப் போட்டோம்.

ஷொக் அப்சோபர் தெரிவதில் கொஞ்சம் மினக்கெட்டோம். ஸ்பிறிங் பாரத்தைத் தாங்குகிறது, ஷொக் அப்சோபர் அதன் துள்ளலை அடக்குகிறது. அடக்கும்போது அந்தச் சக்தி முழுவதும் உள்ளே இருக்கும் எண்ணெயில் சூடாக மாறும். அலைத்தகர வீதியில் சூடு ஏறி, எண்ணெயில் காற்றுக் கலந்து நுரைத்தால் அடக்கும் வலு போய்விடும். நைதரசன் வாயு நிரப்பியவற்றில் நுரைப்பது குறைவு. ஒற்றைக் குழாய் வகை சூட்டைக் கெதியாக வெளியே விடும். ஆனால் கல்லடித்து நெளிந்தால் உள்ளே உள்ள தண்டு இறுகிவிடலாம். இரட்டைக் குழாய் வகைக்கு வெளிக்குழாய் ஒரு கவசம். கல்வீதிக்குப் போகும் எமக்குப் பருத்த இரட்டைக் குழாய் வகையே போதும் என்று தீர்மானித்தோம்.

மறு வருட ஜூலையில் மீண்டும் மரீ. ரயரில் 36 இறாத்தல் இருந்த காற்றை 26க்கு இறக்கினோம். முதல் ஸ்பிறிங் ரயர்தான். காற்றை இறக்கினால் வேகத்தையும் குறைக்க வேண்டும், தார் வீதிக்கு ஏறுமுன் திரும்பவும் அடிக்க வேண்டும். அம்மா வருவாரோ என்று யோசித்தோம். வண்டியைச் சுற்றி வந்து பார்த்து, "இப்ப ஏறலாம் போலை கிடக்கு" என்று தன்பாட்டில் ஏறி இருந்தார்.

போனமுறை நின்ற இடம் எங்களுக்கு அடையாளம் தெரிந்தது. ஒருவரும் ஒன்றும் பேசவில்லை. வீதி தடதடத்தது, ஸ்ரியறிங் கையில் அமைதியாக இருந்தது. அதைத் தாண்டிச் சிறிது தூரத்தில் கடி தண்டா என்ற ஏயர் ஏரியின் தென்பகுதி வெள்ளையாய்த் தெரிந்தது. இந்த ஏரியின் மிகத் தாழ்ந்த இடம் கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 15 மீற்றர் கீழே. நாங்கள் பார்த்தபோது தண்ணீர் இல்லை, உப்புத்தான். ஆனையிறவு உப்பளத்தை நினைத்து அம்மா நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

அங்கே நிறுத்திச் சில்லுகளைச் சுற்றி வந்தோம். அண்ணை சொல்லித் தந்த சோதனை ஒன்று உண்டு. ஓடி நிறுத்தியவுடன் ஒவ்வொரு ஷொக் அப்சோபருக்கும் அருகில் கையைக் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். தொட்டால் சுட்டுவிடும். நாலும் சூடாக இருந்தால் நாலும் வேலை செய்கின்றன. ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அதுதான் செத்தது. எங்களுக்கு நாலும் சூடாகவே இருந்தன.

கவாட் ஸ்பிறிங்சுக்குக் கிட்ட, வரண்ட நிலத்தின் நடுவே மேடு கட்டி ஊற்றுகள் பொங்குகின்றன. நிலத்தடியில் உள்ள பெரும் ஆட்டீசியன் வடிநிலத்து நீர் இது. அரபானா மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இந்த ஊற்றுகளைப் பிடித்தே நடந்தார்கள். பின்னால் வந்த ஸ்ருவாட் என்ற ஆய்வுப் பயணியும், 1872இல் முடிந்த தந்திக் கம்பியும், ரயிலும் அதே வழியில் போயின. தண்ணீர் எங்கேயோ அங்கேதான் பாதை.

இரவு வில்லியம் கிறீக்கில் தங்கினோம். விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களே வசிக்கும் ஊர், ஆனால் எரிபொருள் கிடைக்கும். அடுத்த நாள் நீல்ஸ் ஆற்றின்மேல் உள்ள அல்ஜபக்கினா ரயில் பாலத்தடியில் சோறு சாப்பிட்டோம். பாலத்தின் நீளம் ஏறத்தாழ 578 மீற்றர். மாலையில் ஊட்னடாற்றா. 1960 ஜனவரி 2ஆம் திகதி இங்கே 50.7 பாகை செல்சியஸ் பதிவானது. 2022இல் ஒன்ஸ்லோ அதற்குச் சமமாக வரும்வரை அவுஸ்திரேலியாவில் வேறெங்கும் அவ்வளவு பதிவாகவில்லை. ஆகவே கோடையில் இந்தப் பக்கம் வேண்டாம். மழை பெய்தால் பாதையை மூடுவார்கள், மூடிய பாதையில் ஓடுவது குற்றம். புறப்படுமுன் வீதி நிலவரத்தைப் பாருங்கள்.

மூன்றாம் நாள் மார்லாவில் தார் வீதி ஏறினோம். ரயருக்குக் காற்றடித்துவிட்டுக் கீழே படுத்து எல்லா நட்டுகளையும் பார்த்தோம். ஒன்று மட்டும் கால் சுற்று இளகியிருந்தது. இறுக்கினோம்.

வாகனம் வாங்க நினைப்பவர்களுக்கு ஒழுங்கைத் திரும்பவும் சொல்கிறோம். முதலில் நிறுவுங்கள். பிறகு கழியுங்கள். பிறகு தேய்ந்ததை மாற்றுங்கள். அதன்பின் ஸ்பிறிங்கும் ஷொக் அப்சோபரும். உயரம் கடைசி, அதுவும் தேவையென்றால். கோவிலடியில் இப்போது எங்கள் வண்டியை ஒருவரும் சுற்றிப் பார்ப்பதில்லை. அடுத்த ஜூலையில் எங்கே போகிறோம் என்று அம்மாதான் கேட்டுக்கொண்டிருக்கிறார்.